மூன்று வகை உலர்புல்லில் என் குதிரைக்கு எது ஏற்றது?

புதுக்கடிவாளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 14 வயதான, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை ஒன்று உள்ளது. இரண்டு ஆண்டுகளாக ஒரே நிலத்தில் அறுத்து உலர்த்திய புல்லையே வாங்கிப் போட்டு வந்தேன். குதிரையும் மிச்சம் வைக்காமல் தின்று வந்தது. இந்த ஆண்டு அந்த நிலத்தில் வேறு பயிர் வைத்துவிட்டார்கள். ஆகவே புதிய இடத்திலிருந்து ஓராண்டுக்குத் தேவையான புல்லை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டியிருக்கிறது. நான் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதன் விளைவை ஓராண்டு முழுவதும் குதிரைதான் அனுபவிக்கும் என்பதால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிட விரும்புகிறேன்.

எனக்கு மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதலாவது குதிரை மசால், அதாவது லூசர்ன் எனப்படும் பயறுவகைத் தீவனப் பயிர். பூக்கத் தொடங்கும் தறுவாயில் அறுத்தது என்கிறார்கள். இலை உதிராமல், கரும்பச்சையாக, நல்ல மணத்தோடு இருக்கிறது. இரண்டாவது ஓட்ஸ் பயிரை மணி பால் பிடித்த பருவத்தில் தானியத்தோடு சேர்த்து அறுத்து உலர்த்தியது. அதிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு கைப்பிடியைக் குதிரை மிகுந்த ஆவலோடு தின்றது. மூன்றாவது திமோத்திப் புல். கதிர் முழுவதும் வெளிவந்து பூத்து முடிந்த பிறகு அறுத்திருக்கிறார்கள். தண்டு சற்றுத் தடிப்பாகவும், கட்டின் வெளிப்புறம் வெளுத்து மஞ்சளாகவும் இருக்கிறது. மூன்றில் இதுதான் பார்வைக்கு மட்டமாகத் தெரிகிறது. பெயரிலேயே குதிரை இருக்கும்போது குதிரை மசாலை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

குதிரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நடையும் மெல்லோட்டமும் மட்டுமே அதற்கு வேலை. கடந்த ஆண்டைவிட உடல் பருத்திருக்கிறது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுவதில்லை, கழுத்தின் மேல்விளிம்பு பிடரிக்கு அடியில் தடித்துக் கெட்டியாகிவிட்டது. குளம்பில் இதுவரை எந்தக் குறையும் இல்லை. புல்லை உதறிப் போடும்போது இரண்டு மூன்று முறை இருமுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. உலர்புல்லோடு நாள்தோறும் இரண்டு கிலோ தானியக் கலவையும் கொடுக்கிறேன். எந்தப் புல்லை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது, கட்டைப் பார்த்து நல்லது கெட்டதை எவ்வாறு அறிவது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய லாயம் (மறுமொழி)

வணக்கம் நண்பரே. பல ஆண்டுகளாகக் குதிரைகளுக்குப் புல் வாங்கி வருபவன் என்ற முறையில், புல்லின் பெயரைக் கேட்பதற்கு முன்பு அதை அறுத்த பருவத்தைத்தான் நான் கேட்பேன். ஒரே நிலத்தில் வளர்ந்த ஒரே புல்லை, கதிர் உறைக்குள் இருக்கும்போது அறுத்தால் அது ஒரு தீவனம். விதை முற்றிய பிறகு அறுத்தால் அது முற்றிலும் வேறொரு தீவனம். இளம்பருவத்தில் இலை மிகுந்திருக்கும், புரதமும் ஆற்றலும் கூடுதலாக இருக்கும், நார் எளிதில் செரிக்கும். பயிர் முற்ற முற்றத் தண்டு ஓங்கி, அதில் மரத்தன்மை ஏறி, செரிமானம் குறைந்துகொண்டே போகும். நீங்கள் சொல்லும் திமோத்தி முற்றியது என்பது உண்மைதான். ஆனால் முற்றிய புல் கெட்ட புல் என்று பொருளில்லை. பால் கொடுக்கும் பெண்குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் அது போதாது. உட்கார்ந்து தின்றாலும் பருக்கும் உடல்வாகு கொண்ட குதிரைக்கு அதுவே பொருத்தமாக அமையும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கட்டின் வெளிப்புறம் வெயிலில் வெளுப்பது இயல்பு. அதனால் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின் குறையுமே தவிர, நாரும் புரதமும் பெரிதாகக் கெடுவதில்லை. எனவே வெளியே பார்த்து எதையும் முடிவு செய்யாமல், விற்பவரின் அனுமதியோடு ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று கட்டுகளை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். பிரிக்க மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. பிரித்த கட்டின் நடுப்பகுதியில் கையை நுழைத்து வெப்பம் இருக்கிறதா, ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். உள்ளே பழுப்பாகி, புகையிலையோ கருகிய சர்க்கரையோ போன்ற வாடை வந்தால், ஈரத்தோடு கட்டப்பட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறிய புல் அது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளம்போல் பிரிந்தால், அல்லது உதறும்போது வெண்சாம்பல் நிறத் தூசி எழுந்தால், அது மண்ணாக இருக்கலாம் என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள்; பெரும்பாலும் அது பூஞ்சண வித்துதான். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையைக் குத்தி நோகச் செய்யும் தண்டு, குதிரையின் வாய்க்கும் அவ்வாறுதான் இருக்கும்.

பிறகு அந்தப் பிடியை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, உங்களுக்குத் தெரிந்த புல்லைத் தவிர வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மேயும் குதிரை நச்சுச்செடியை அதன் கசப்பால் அறிந்து பெரும்பாலும் ஒதுக்கிவிடும். உலர்ந்த பின் பல செடிகளின் கசப்பு மங்கிவிடும், நஞ்சு மட்டும் அப்படியே நிற்கும். கிலுகிலுப்பை இனத்துச் செடிகளிலும், மஞ்சள் பூப் பூக்கும் செனிசியோ இனத்துச் செடிகளிலும் உள்ள நஞ்சு இவ்வகைப்பட்டது. அது கல்லீரலைச் சிறிது சிறிதாக அழிக்கும். நோய் வெளியே தெரியும்போது கல்லீரலின் பெரும்பகுதி கெட்டுப்போயிருக்கும்.

குதிரை மசாலுக்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. கொப்புள வண்டு எனப்படும் வண்டினம் அதன் பூவைத் தேடிக் கூட்டமாக வரும். அறுவடை இயந்திரம் தண்டை நசுக்கி அறுக்கும்போது வண்டுகளும் நசுங்கிப் புல்லோடு கட்டுக்குள் போய்விடும். அவற்றின் உடலில் உள்ள காந்தாரிடின் என்ற நஞ்சு உலர்ந்தாலும் நாட்பட்டாலும் அழிவதில்லை. குடலையும் சிறுநீர்ப்பையையும் புண்ணாக்கிக் குதிரையைக் கொன்றே விடும். ஆகவே குதிரை மசால் வாங்குபவர்கள், பூப்பதற்கு முன் அறுத்ததா, வண்டு வரும் கோடைப்பருவத்துக்கு முந்தைய முதல் அறுப்பா என்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. உங்களுக்கு விற்பவர் 'பூக்கத் தொடங்கும் தறுவாய்' என்று சொல்லியிருப்பதால், கட்டுக்குள் பூ எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குளம்பொலி (மறுமொழி)

கால்நடை மருத்துவம் பயின்று, பெரும்பாலும் குதிரைகளையே கவனித்து வருகிறேன். மேலே எழுதிய ஐயாவின் கருத்துகளோடு உடன்படுகிறேன். நான் குதிரையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஏனென்றால் உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியில்தான் விடை இருக்கிறது.

விலா எலும்பு தட்டுப்படாமையும், கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாகத் தடித்திருப்பதும் வெறும் பருமனின் அடையாளங்கள் மட்டும் அல்ல. இன்சுலின் சரிவரச் செயல்படாத குதிரைகளிடம் இந்தக் கழுத்துக் கொழுப்பு அடிக்கடி காணப்படுகிறது. அத்தகைய குதிரை சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்த தீவனத்தைத் தின்றால் இரத்தத்தில் இன்சுலின் அளவு கடந்து உயர்ந்து, குளம்பு அழற்சி தோன்றும் அபாயம் இருக்கிறது. இதுவரை குளம்பில் குறை இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அது அப்படியே நீடிக்க வேண்டும். ஆகவே உங்கள் கால்நடை மருத்துவரிடம் இன்சுலின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு கிலோ தானியக் கலவை இந்தக் குதிரைக்குத் தேவையே இல்லை. ஒரு வார காலத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகத் தாதுக்களும் வைட்டமின் ஈயும் அடங்கிய சத்துக் கலவையைச் சிறிதளவு கொடுங்கள். உலர்புல்லை மட்டுமே தின்னும் குதிரைகளுக்கு வைட்டமின் ஈ போதாமல் போவதுண்டு; பசும்புல்லில் நிறைந்திருக்கும் அந்தச் சத்து உலர்த்தும்போதும் சேமிக்கும்போதும் பெருமளவு அழிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் மூன்று வகைகளுக்கு வருகிறேன். ஓட்ஸ் உலர்பயிரைக் குதிரை ஆவலோடு தின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆவலுக்குக் காரணம் தண்டில் தங்கியுள்ள சர்க்கரையும் மணியில் ஏறியுள்ள மாவுச்சத்துமே. கடும் உழைப்புள்ள ஒல்லியான குதிரைக்கு அது நல்ல தீவனம். உங்கள் குதிரைக்கு மூன்றிலும் பொருந்தாதது அதுதான். குதிரை மசாலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பார்கள். சிறுநீரகம் நலமாக உள்ள குதிரைக்கு அவ்வாறு எதுவும் நேர்வதில்லை. மிகுதியான புரதத்தை வெளியேற்றுவதற்காகக் குதிரை கூடுதலாக நீர் குடிக்கும், சிறுநீரில் அமோனியா நெடி ஏறும், கால்சியம் மிகுதியால் சிறுநீர் கலங்கித் தெரியும், அவ்வளவே. சர்க்கரையும் அதில் அவ்வளவு மிகுதியில்லை. ஆனால் கிலோவுக்குக் கிலோ அது தரும் ஆற்றல் முற்றிய புல்லைவிட மிகக் கூடுதல். உங்கள் குதிரை அதை வயிறாரத் தின்றால் இன்னும் பருக்கும்; பருக்காமல் இருக்க அளவைக் குறைத்தால், தின்று முடித்துவிட்டு நெடுநேரம் வெறும் வயிற்றோடு நிற்கும்.

வெறும் வயிற்றோடு நிற்பதை நான் ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்பதை விளக்க வேண்டும். குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் இடைவிடாமல் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் பிடிக்கும். ஒரு கிலோ ஓட்ஸ் தானியத்தை 10 நிமிடத்தில் தின்றுவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் மெல்ல எதுவும் இல்லாமல் கட்டிவைத்தால், இரைப்பையின் மேற்பகுதியில் அமிலம் பட்டுப் புண் உண்டாகும் வாய்ப்புக் கூடுகிறது. எனவே பருத்த குதிரைக்குத் தீவனத்தைக் குறைப்பதைவிட, ஆற்றல் குறைந்த தீவனத்தை நெடுநேரம் மெல்ல விடுவதே நல்லது. அந்த வேலைக்கு உங்கள் மூன்றாவது புல், பூஞ்சணமும் தூசியும் இல்லாதிருந்தால், மிகவும் ஏற்றது. ஒரு வேளை புரதம் குறைவாக இருப்பதாகத் தெரியவந்தால், நாளுக்கு அரைக் கிலோ குதிரை மசாலை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள கால்சியமும் புரதமும் இரைப்பை அமிலத்தைத் தணிக்கவும் உதவும்.

அளவைக் கணக்கிட முதலில் எடை தெரிய வேண்டும். பெரிய தராசு கிடைக்காவிட்டால் நாடாவால் அளந்தே ஓரளவு நெருங்கிவிடலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி எடுத்த சுற்றளவைச் சென்டிமீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரையிலான நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. அத்தகைய குதிரைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) நாள்தோறும் தேவை. உடலைக் குறைக்க வேண்டியதற்கு 1.5 சதவீதம் என்று வைத்தால் 6.75 கிலோ உலர்பொருள். உலர்புல்லிலும் 12 சதவீத அளவுக்கு ஈரம் இருப்பதால், தராசில் நிறுக்கும்போது அது 7.7 கிலோ உலர்புல்லாகும். இதற்கும் கீழே மருத்துவர் ஆலோசனை இல்லாமல் போகாதீர்கள். குறிப்பாகப் பருத்த மட்டக்குதிரைகளைத் திடீரெனப் பட்டினி போட்டால், உடற்கொழுப்பு இரத்தத்தில் பெருக்கெடுத்துக் கல்லீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மேலும், கட்டில் இத்தனை அடுக்கு என்று எண்ணிப் போடும் வழக்கத்தை விட்டுவிட்டுத் தொங்குதராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு அடுக்குகளில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு கனப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுத்த புல்லை 3 முதல் 4 சென்டிமீட்டர் கண்ணியுள்ள வலையில் அடைத்துக் கட்டினால், அதே புல் இரவு முழுவதும் நீடிக்கும்.

வைக்கப்புல் (மறுமொழி)

மருத்துவரிடம் ஒரு கேள்வி. ஆற்றல் குறைந்த தீவனம்தான் தேவை என்றால், மாட்டுக்குப் போடும் வைக்கோலையே போட்டுவிடலாமே? அது மிக எளிதாகக் கிடைக்கிறது. சோளத்தட்டும் நிறையக் கிடைக்கிறது. கம்பு நேப்பியர் போன்ற தீவனப் புற்களை உலர்த்திக் கொடுத்தால் என்ன என்றும் எனக்குத் தோன்றுகிறது.

குளம்பொலி (மறுமொழி)

நல்ல கேள்வி, பலர் இந்த மூன்றையும் உலர்புல்லாகவே எண்ணிக்கொண்டிருப்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். வைக்கோல் என்பது தானியம் முற்றி, பயிரின் சத்தெல்லாம் மணிக்குப் போய்ச் சேர்ந்த பின் எஞ்சும் தாள். உலர்புல் என்பது தீவனத்துக்கென்றே பசுமையாக அறுத்து உலர்த்தியது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு இருக்கிறது. அது அசைபோட்டு, மீண்டும் மீண்டும் நொதிக்க வைத்து, கடினமான தாளிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்கிறது. குதிரைக்கு நொதித்தல் நடப்பது குடலின் பிற்பகுதியில்தான்; தீவனம் அங்கே தங்கும் நேரமும் குறைவு. நெல் வைக்கோலில் சிலிக்காவும் மிகுதி. வைக்கோலை மட்டுமே நம்பிய குதிரை வயிறு தொங்கி, முதுகுத் தசை கரைந்து நிற்பதையும், குடலில் தாள் அடைத்துக்கொண்டு சூலையால் புரள்வதையும் காணலாம். பற்கள் நன்றாக உள்ள பருத்த குதிரைக்குத் தூய ஓட்ஸ் வைக்கோலை உலர்புல்லோடு சிறு பங்காக, மெதுவாகப் பழக்கிக் கலந்து கொடுப்பது உண்டு. அதைக்கூட மருத்துவர் கண்காணிப்பில் செய்வதே முறை.

சோளம், சூடான் புல் ஆகியவற்றைக் குதிரைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றைப் பசுமையாக மேய்ந்த குதிரைகளுக்குப் பின்கால்கள் தடுமாறுவதும், சிறுநீர்ப்பை செயலிழந்து சிறுநீர் ஒழுகுவதும் நன்கு அறியப்பட்ட நோய். நரம்பு கெட்ட பின் அது முழுமையாக மீள்வது அரிது. உலர்த்தும்போது நஞ்சு குறையும் என்றாலும், வேறு புல் கிடைக்கும்போது இதைத் தேட வேண்டியதில்லை.

நேப்பியர், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் மிகுந்திருக்கும். புல்லில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குதிரைக்கு அது கிட்டாது. உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். முக எலும்புகள் உப்பி, கால்கள் நொண்டும். அத்தோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் நாள்தோறும் அள்ளிக் கொடுத்தால் கேடு இரட்டிப்பாகும். குதிரையின் மொத்தத் தீவனத்தில் கால்சியம் ஒருபோதும் பாஸ்பரஸை விடக் குறையக் கூடாது. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் நன்று. இப்புற்களைத்தான் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், கால்சியம் நிறைந்த குதிரை மசாலை அவற்றோடு கலந்து கொடுப்பது நல்ல ஏற்பாடு. குதிரை மசால் அதன் பெயருக்கு முழுமையாக உரியதாகும் இடம் இதுதான் என்பேன்.

மேய்ச்சல்வெளி (மறுமொழி)

இருமலைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் பெண்குதிரையும் இவ்வாறுதான் தொடங்கியது: புல்லை உதறும்போது இரண்டு இருமல், ஓட்டம் தொடங்கும்போது ஓர் இருமல். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஆண்டு நான் வாங்கிய கட்டுகள் மழைக்கு அஞ்சி அவசரமாகக் கட்டப்பட்டவை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெளியே பார்க்க அழகான பச்சை. உள்ளே மெல்லிய வெண்படலம். அதைக் கண்ட பிறகும், மேலடுக்கை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவள் ஓய்வாக நிற்கும்போதே மூக்குத்துளைகளை விரித்து, வயிற்றை உந்தி உந்தி மூச்சுவிடத் தொடங்கினாள். ஆஸ்துமா என்றார் மருத்துவர். லாயத்தை மாற்றினேன், புல்லை மாற்றினேன், மருந்து கொடுத்தேன். மூச்சு சீரானது, ஆனால் தூசி பட்டால் இன்றும் திரும்பி வருகிறது. அந்த இரண்டு இருமலை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து நீங்கள் காத்திருக்காதீர்கள்.

கட்டும்போது ஈரம் எவ்வளவு இருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். 15 சதவீத அளவில் கட்டினால் நலம்; 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் ஏறக்குறைய உறுதி. அதைவிட ஈரமாகக் கட்டி அடுக்கினால் நுண்ணுயிர்களின் செயலால் அடுக்கு உள்ளுக்குள்ளேயே சூடேறும். உள்வெப்பம் 65 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தானாகவே தீப்பற்றும் நிலையை நெருங்குகிறது என்று கொள்ள வேண்டும். ஆகவே புதிதாக அறுத்த புல்லை வாங்கினால் முதல் சில வாரங்கள் குதிரை லாயத்தை ஒட்டி அடுக்காதீர்கள்.

உங்கள் குதிரையின் இருமலுக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது, புல்லைப் பத்து நிமிடம் நீரில் அமிழ்த்தி, வடித்து, தரைமட்டத்தில் வைத்துக் கொடுப்பது. தலை தாழ்ந்து தின்னும்போது மூச்சுக்குழாயின் சளியும் எளிதில் வடியும். பூஞ்சணம் பிடித்த புல்லை நனைத்துக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

புதுக்கடிவாளம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி இன்று மூன்று வகைகளையும் பிரித்துப் பார்த்தேன். குதிரை மசாலில் ஊதாப் பூக்கள் நிறைய இருந்தன. வண்டு எதுவும் கண்ணில் படவில்லை என்றாலும் மனம் ஒப்பவில்லை. திமோத்திக் கட்டின் உட்புறம் இளம்பச்சையாக, தூசியின்றி, காய்ந்த தேயிலையை ஒத்த மணத்தோடு இருந்தது. வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்ததில் ஒன்றிரண்டு அகன்ற இலைக் களைகள் தவிர வேறு எதுவும் இல்லை. அவற்றின் படத்தை வேளாண் அலுவலர் ஒருவரிடம் காட்டி, தீங்கற்றவை என்று உறுதி செய்துகொண்டேன். என் நாடாக் கணக்கில் குதிரையின் எடை 470 கிலோ வருகிறது. இனி இரண்டு ஐயங்கள். முற்றிய புல்லில் சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கிவிடலாமா? சர்க்கரையைக் குறைக்க நீரில் ஊற வைப்பதாகச் சொல்கிறார்களே, அதை எவ்வாறு செய்வது?

குளம்பொலி (மறுமொழி)

நம்பி வாங்கக் கூடாது. முற்றிய புல்லில் சர்க்கரை குறைவாக இருப்பது பொதுவான போக்கு மட்டுமே. குளிர்ந்த இரவுகளுக்குப் பிறகோ, வறட்சியில் வளர்ச்சி தடைப்பட்ட நிலையிலோ, வெயில் நிறைந்த பிற்பகலிலோ அறுக்கப்பட்ட புல்லில், தண்டு எவ்வளவு தடித்திருந்தாலும், சர்க்கரை தேங்கி நிற்கக்கூடும். கண்ணாலோ நாவாலோ இதை அறிய வழியில்லை; ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழி. ஓராண்டுக்கு மொத்தமாக வாங்கும் உங்களுக்கு அந்தச் செலவு வீணாகாது. மாதிரியை ஒரே கட்டிலிருந்து பிடுங்காதீர்கள். உட்குடைவான துளைக்கருவியைக் கட்டின் முனைப்பக்கத்திலிருந்து செலுத்தி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கட்டுகளில் எடுத்து, கலந்து அனுப்புங்கள்.

முடிவு வந்ததும் முதலில் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கூட்டிப் பாருங்கள். உலர்பொருள் கணக்கில் அது 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் குதிரைக்கு அமைதியாகக் கொடுக்கலாம். பிறகு நார் அளவுகள் இரண்டு இருக்கும். அமிலக் கரைசலில் எஞ்சும் நார் 45 சதவீதத்தைத் தாண்டினால் சத்து மிகக் குறைவு என்றும், நடுநிலைக் கரைசலில் எஞ்சும் நார் 65 சதவீதத்தைத் தாண்டினால் குதிரை விரும்பித் தின்னாது என்றும் கொள்ளுங்கள். புரதம் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இந்த வயதுக்கும் வேலைக்கும் போதும். கால்சியமும் பாஸ்பரசும் எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்பத் தாதுக் கலவையைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு என்னால் உதவ முடியும், முடிவை இங்கே பதியுங்கள்.

ஊற வைப்பதென்றால், நிறுத்த புல்லை வலையோடு மூழ்கும்படி நிறையக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் வைத்து, வடித்து, உடனே கொடுக்க வேண்டும். நீரில் கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் பெரிதும் மாறுவதால், மிகுந்த சர்க்கரையுள்ள புல்லை வாங்கி ஊற வைத்துச் சமாளிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். வெப்பமான நாள்களில் நெடுநேரம் ஊறினால் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். அந்த நீரைக் குதிரை குடிக்க விடக் கூடாது. தாதுக்களும் நீரோடு போவதால் சத்துக் கலவையை நிறுத்தாதீர்கள்.

எடை 470 என்றால் நாளுக்கு எட்டு கிலோ உலர்புல்லில் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நாடாவால், அதே இடத்தில், ஒரே ஆள் அளந்து எழுதி வையுங்கள்.

பழைய லாயம் (மறுமொழி)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய புல்லில் பத்துப் பன்னிரண்டு கட்டுகளாவது மிச்சம் இருக்கும்போதே புதியதைத் தொடங்குங்கள். முதல் மூன்று நாள் நான்கில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று இரண்டு வாரத்தில் மாற்றுங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய நாருக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும். அந்த நாள்களில் லத்தியைத் தினமும் பாருங்கள். உருண்டைகள் சிறுத்து, உலர்ந்து, எண்ணிக்கை குறைந்தால் தண்டு செரிக்கவில்லை அல்லது நீர் போதவில்லை என்று பொருள். இந்த அளவுள்ள குதிரை உலர்புல் தின்னும்போது நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் நீர் குடிக்க வேண்டும். மென்ற புல்லை உருட்டி உருட்டி வாயிலிருந்து துப்பினால் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 14 வயதில் பற்களின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்துவது சாதாரணம், அரத்தால் ராவினால் சரியாகிவிடும். தண்டு தடித்த புல்லுக்கு மாறுகிறீர்கள் என்பதால், கட்டுகள் வந்து இறங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

புதுக்கடிவாளம்

பல் மருத்துவருக்கு வரும் வாரம் நாள் குறித்துவிட்டேன். இன்சுலின் பரிசோதனைக்கான இரத்தத்தையும் அன்றே எடுத்துவிடலாம் என்றார். திமோத்தியில் இருபது கட்டுகளுக்கு முன்பணம் கொடுத்து, மீதியை ஆய்வக முடிவு வந்த பிறகு எடுத்துக்கொள்வதாக விற்பவரிடம் பேசியிருக்கிறேன். அவரும் ஒப்புக்கொண்டு, துளைக்கருவியைக் கொண்டுவந்து மாதிரி எடுத்துக்கொள்ளச் சொன்னார். தானியத்தை இன்று ஒன்றரைக் கிலோவாகக் குறைத்தேன். குதிரை தொட்டியை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தது. மனம் இளகியது, ஆனால் கொடுக்கவில்லை. ஆய்வக முடிவு கையில் வந்ததும் எண்களை இங்கே எழுதுகிறேன்.